குறி

மொரோகோரோவில் மின்சாரம் போய் மூன்று மணி நேரம்.
உறைபெட்டிக்கு இரண்டு கம்பளி போர்த்தி
அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள் சிகுஜுவா.
உள்ளே நூற்றுப்பன்னிரண்டு வால்நுனிகள்,
ஒவ்வொன்றும் குறுநொய் அளவு.

நீலப் பல்லிகள்.
ஆணுக்குத்தான் நீலம். பெண், பாசி ஏறிய வெண்கலம்.
கிம்போசாக் காட்டுத் தாழைகளின் மடலிடுக்கில்
பிறப்பு, சண்டை, குடிக்க மழைநீர், எல்லாம்.
பிடிக்க வருகிறவன் மரம் ஏறுவதில்லை,
வெட்டிச் சாய்க்கிறான்.
ஒரு விரல் நீள நீலத்துக்கு
ஒரு முழு மரம்.

மழைக்கு முன்பே அவள் காட்டுக்குள் போயிருந்தாள்,
வனக்காவலர் கோபெலோ ஏணி பிடிக்க.
நுனியைக் கத்தரித்து, பல்லியை அதன் மடலிலேயே விட்டு,
மரத்துக்கு ஒரு சிவப்பு நாடா,
நாடாவில் எண்.

எங்கள் வீடுகளில் பல்லி சொன்னால்
திசை பார்த்துப் பலன் தேடுவோம்.
இந்தப் பல்லி சொல்லி அவள் கேட்டதில்லை.
சொல்லவைக்க இரண்டு வருடம் ஆனது.

சலசல, படபட, கிடுகிடு.
எங்கள் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி.
பிரித்தால் பொருள் தராது.
பல்லியின் மரபிழையிலும் அப்படிச் சில இடங்கள்:
சிஏ சிஏ சிஏ சிஏ
எதையோ சொல்லவந்த உயிர் திக்கிய மாதிரி.
ஒன்று பதினான்கு முறை திக்கும், பக்கத்து மரத்தது பதினேழு.
தாயிடமிருந்து ஒரு திக்கல், தகப்பனிடமிருந்து ஒரு திக்கல்,
முட்டைக்குள் இருக்கும்போதே வாங்கிக்கொள்கிறது குஞ்சு.
பேச்சு என்னவென்று தெரியாது.
யார் வீட்டுப் பேச்சு என்று தெரியும்.

நாற்பத்தெட்டு இடங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றாய்ச் சோதித்தாள்.
தொண்ணூற்றைந்து பாகை, ஐம்பத்தெட்டு, எழுபத்திரண்டு,
மறுபடியும் தொண்ணூற்றைந்து.
சில இடங்கள் மௌனம்.
சில, எல்லாப் பல்லியிலும் ஒரே எண்ணைச் சொல்லின,
அதனால் உதவாது.
கடைசியில் தேறியவை பதினொன்று.
அன்று வறுத்த மரவள்ளி வாங்கித் தனியாகத் தின்றாள்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது.
விமான நிலையத்தில், காலுறைகளுக்குள் சுருட்டி,
எழுபத்து மூன்று. உயிரோடு ஐம்பத்து நான்கு.
கூட வந்த காகிதத்தில் முத்திரையோடு:
'பண்ணைக் கூண்டில் பொரித்தவை.'

கூண்டில் பொரித்தவை என்றால்
நாலைந்து பெற்றோரின் திக்கல்களே
திரும்பத் திரும்ப வர வேண்டும்.
இவை ஒன்றுக்கொன்று அந்நியர்கள்.
அது போதும், அறிக்கையை அங்கேயே முடித்திருக்கலாம்.
ஆனால் முப்பதாவது வரிசையில் கை நின்றது.
பதினொரு இடம், இருபத்திரண்டு எண்,
ஒன்றுகூடப் பிசகவில்லை:
அவள் உறைபெட்டியில் இருக்கும் முப்பத்தேழாம் நுனி.

ஓடிப்போய்க் கூண்டில் பார்த்தாள்.
முளைத்த வால், கொஞ்சம் மங்கல்.
அவள் கத்தரித்த இடத்தில் ஒரு கோடு.

இன்னும் ஐந்து அப்படிப் பொருந்தின.
ஆறும் நாடா கட்டிய மரத்தவை.

கோபெலோ தொலைபேசியில் சற்று நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்: 'வடக்குச் சரிவில் ஆறு அடிமரம் கிடக்கிறது.
நாடாவை மட்டும் அவிழ்த்து
கல்லில் கட்டிவைத்திருக்கிறான்.'

அறிக்கையில் அவள் எழுதினாள்:
காட்டில் பிடித்தவை, ஐயமில்லை.
எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்கு
படிவத்தில் இடம் இல்லை.
அதையும் எழுதினாள், ஓரத்தில்,
தன் பெயர் போட்டு.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்
மிச்ச நாடாக்களை அவிழ்த்தார்கள்.
கோபெலோவின் இரண்டு பைகளும் சிவப்பாய்ப் பிதுங்கின.
மழை பிடித்துக்கொண்டது.
திரும்பும் வழியில் அவள் நின்று பார்த்தாள்:
எண்பதாம் மரம் எது, தொண்ணூறாவது எது,
அவளுக்கே தெரியவில்லை.

ஏதோ ஒரு மடலில்
நீலம் அசைந்து உள்ளே போனது.
அவள் குறித்துக்கொள்ளவில்லை.